ஆறு மாதமா, ஒரு மாதமா?

போன தை மாதம் பிரான்சிலிருந்து என் பெரியப்பா மகன் போன் செய்தார். என்னைவிட மூன்று வயது மூத்தவர். அங்கே தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய பேத்தி பள்ளிக்கூடத்துக்காகக் குடும்ப வரலாறு எழுதுகிறாளாம். "தம்பி, அந்தப் பொண்ணு ஒரு கேள்வி கேட்டுது, எனக்குப் பதில் தெரியல. எங்கப்பா பிரெஞ்சு நேஷனாலிட்டி எடுத்தார், சித்தப்பா ஏன் எடுக்கல?" என்றார்.

எங்கள் வீட்டில் இதற்குப் பதில் எப்போதும் தயாராக இருக்கும். "கெடு ஒரு மாசம்தானே அண்ணே கொடுத்தாங்க. அந்த நேரம் பார்த்து தங்கச்சி பிறந்தா. அம்மா ஆஸ்பத்திரியில, அப்பா அங்கேயும் இங்கேயும் ஓடிக்கிட்டிருந்தார். நாள் தாண்டிப்போச்சு" என்றேன்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஒரு மாசமா? எங்கப்பா கையெழுத்துப் போட்ட காகிதம் என்கிட்ட இருக்கு. தேதி டிசம்பர்னு போட்டிருக்கே" என்றார்.

அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அந்த "ஒரு மாசம்" எங்கள் குடும்பத்தில் சும்மா கிடந்த வார்த்தை அல்ல. 1962 செப்டம்பரில் பிறந்த என் தங்கையை எங்கள் ஆயா கோபம் வந்தால் "பிரான்சைத் தின்னவ" என்றுதான் திட்டுவார். ஆயா போன பிறகு உறவுக்காரர்கள் அதையே வேடிக்கையாகச் சொன்னார்கள். பெரியப்பா பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து, சென்ட் பாட்டிலும் சாக்லேட்டும் கொடுத்துவிட்டுப் போகிற ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் அவளைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். அவளுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது.

நான் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன். "சொன்னாங்க" என்று எழுதினால் பைல் திரும்பி வரும். எந்த உத்தரவு, என்ன எண், என்ன தேதி என்று காட்ட வேண்டும். சரி, இந்தக் கெடு எந்த உத்தரவில் இருக்கிறது என்று பார்த்துவிடுவோம் என்று கிளம்பினேன். அந்த உத்தரவு பாரிசில், பிரெஞ்சு தேசிய சபையில் நிறைவேறிய ஒன்று. ஒரு நாட்டின் நாடாளுமன்றப் பதிவுகளை இந்த வயதில், புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு எப்படித் தேடுவது? நான் தடுமாறியதையும் கண்டதையும் எழுதினால், வீட்டில் பழைய காகிதம் வைத்திருக்கும் உங்களில் சிலருக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நூலகத்துக்குப் போய், "பிரெஞ்சு அரசிதழ் வேண்டும், 'ழுர்னால் ஒஃபிசியேல்'" என்று கேட்டேன். பைண்டு செய்த பழைய தொகுதிகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். தூசி தட்டி, மூன்று வாரம் போய் வந்து புரட்டினேன். நியமனம், மாற்றல், ஏலம், சுங்கம் என்று எல்லாம் இருந்தன, நாடாளுமன்றம் மட்டும் இல்லை. பிறகுதான் உறைத்தது. அது இங்கே, பிரெஞ்சிந்திய நிர்வாகம் வெளியிட்ட உள்ளூர் அரசிதழ். நான் தேடியது பாரிசில் வெளியான அரசிதழ். பெயரில் பாதி ஒன்றுதான், சரக்கு வேறு. எடுத்துக் கொடுத்தவர் மீது குற்றமில்லை, கேட்கத் தெரியாமல் கேட்டவன் நான்.

பாரிஸ் அரசிதழுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1868 முடியும்வரை 'மொனித்தேர்' என்ற பத்திரிகைதான் அரசாங்கத்தின் அதிகாரபூர்வ ஏடு. 1869 ஜனவரி முதல் 'ழுர்னால் ஒஃபிசியேல்' அந்த இடத்துக்கு வந்தது. 1881 முதல் நாடாளுமன்ற விவாதங்களைத் தனிப் பதிப்பாகவே போட ஆரம்பித்தார்கள். ஆக, சட்டமும் ஆணையும் ஒரு கட்டு, சபையில் பேசியது ஒரு கட்டு, சபையில் வைக்கப்பட்ட மசோதாக்கள், குழு அறிக்கைகள் இன்னொரு கட்டு. நம் அலுவலகப் பழக்கத்தில் சொன்னால், ஜி.ஓ. ஒரு பக்கம், நோட் பைல் ஒரு பக்கம், கூட இணைத்த காகிதங்கள் ஒரு பக்கம். எந்தக் கட்டில் நம் விஷயம் இருக்கும் என்று தெரிந்துகொள்ளாமல் போனால் என்னைப்போல மூன்று வாரம் தூசி தின்ன வேண்டியதுதான்.

இந்த இடத்தில் இளையவர்கள் சிலர் கேட்கக்கூடும். பாரிஸ் நாடாளுமன்றத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று. நம்மூர் ஆட்கள் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் ஐயா.

பிரெஞ்சுப் புரட்சி நடந்த உடனே, அரசியல் நிர்ணய சபையில் இந்தியப் பகுதிகளின் பிரதிநிதியாக இருந்தவர் லூயி மொன்னெரோன். வியாபாரி. அவர் சகோதரர்களோடு சேர்ந்து அடித்த செப்பு வில்லைகள் புரட்சிக் காலத்தில் சில்லறைக் காசுபோலப் புழங்கின. நாணயம் சேகரிப்பவர்கள் இன்றும் அவற்றை 'மொன்னெரோன்' என்றுதான் சொல்கிறார்கள். 1848 புரட்சிக்குப் பிறகு பிரெஞ்சிந்தியாவுக்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்டது, ஆனால் அது நிலைக்கவில்லை. 1871 முதல்தான் நிலையான பிரதிநிதித்துவம். 1875 சட்டம் செனட்டிலும் ஓர் இடம் கொடுத்தது. அன்றைக்கு பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து லண்டன் நாடாளுமன்றத்துக்கு இப்படி ஓர் இடம் கிடையாது என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆனால் பெருமை அதோடு சரி. பெரும்பாலும் போனவர்கள் பிரான்சிலேயே இருந்த வெள்ளைக்காரர்கள். 1871-இல் தெபஸ்ஸேன் த ரிஷ்மோன், 1881 முதல் 1898 வரை பியேர் அலிப், 1910-இல் போல் புளுய்சேன். ஊரில் ஓட்டுகளை வாங்கிக் கொடுப்பது வேறு ஆட்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில் சண்முக வேலாயுத முதலியார் கை காட்டிய பக்கம்தான் ஓட்டு விழும். அதற்கு எதிர்ப்பக்கம், 1881-இல் தங்கள் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றவர்கள், அதாவது 'ரெனோன்சான்'கள், பொன்னுத்தம்பிப் பிள்ளை தலைமையில் நின்றார்கள். தேர்தல் வந்தால் தடியும் வரும் என்பது நம் தாத்தாக்கள் சொன்ன கதை.

ஆசிரம அன்பர்களுக்குத் தெரிந்த ஒன்றும் இதில் உண்டு. போல் ரிஷார் என்ற பிரெஞ்சுக்காரர் 1910-இல் நம்மூருக்கு வந்தது இந்த பாரிஸ் சபைத் தேர்தல் வேலையாகத்தான். அப்போதுதான் ஸ்ரீ அரவிந்தரைச் சந்தித்தார். 1914-இல் தானே வேட்பாளராக நிற்க, மனைவியோடு மறுபடியும் வந்தார். தேர்தலில் தோற்றார். அவருடன் வந்த மனைவியைத்தான் பின்னால் நாம் அன்னை என்று அறிந்தோம். ஒரு நாடாளுமன்றத் தேர்தல் இந்த ஊருக்கு என்னென்ன கொண்டுவந்து சேர்த்தது பாருங்கள்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு நம் ஆட்களே போனார்கள். 1945-இல் வழக்கறிஞர் தெய்வ ஜீவரத்தினம், 1946-இல் லம்பேர் சரவணன், 1951-இல் எதுவார் குபேர். குபேர் பெயர் கடற்கரைச் சாலையிலும் பெரிய மார்க்கெட்டிலும் இருக்கிறது. அவர் பாரிஸ் சபையில் உறுப்பினராக இருந்தவர் என்பது மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்குகிற எத்தனை பேருக்குத் தெரியுமோ.

இவர்களைப் பற்றியெல்லாம் தெரிந்துகொள்ள முதல் வழி ஆள் பெயர். பிரெஞ்சு தேசிய சபை 1789 முதல் இருந்த எல்லா உறுப்பினர்களையும் பற்றி 'சிகோமோர்' என்ற தரவுத் தொகுப்பை இணையத்தில் வைத்திருக்கிறது. பிறந்த தேதி, எந்தத் தொகுதி, எந்தக் கட்சி, எப்போது முதல் எப்போது வரை என்று எல்லாம் அதில் உண்டு. கீழே வாழ்க்கைக் குறிப்பும் இருக்கும். 1889 வரையிலானவர்களுக்கு ரொபேர், குஞ்ஞி இருவரும் தொகுத்த ஐந்து தொகுதி அகராதி, 1889 முதல் 1940 வரை ழான் ஜொலி தொகுத்த எட்டுத் தொகுதி அகராதி, இவற்றிலிருந்து அதை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். செனட் உறுப்பினர்களுக்கு செனட்டின் தளத்திலேயே தனியாகப் பார்க்க வேண்டும். பணம் கட்ட வேண்டியதில்லை.

இதில் நமக்கு ஒரு சங்கடம், எழுத்துக்கூட்டல். நம் பெயர்களை பிரெஞ்சுக்காரன் காதில் விழுந்தபடி எழுதினான். 'பிள்ளை' என்பது 'புல்லே' ஆகிவிடும். 'முதலியார்' 'மொதெலியார்' ஆகும். 'சண்முகம்' என்பதை 'எஸ்' போட்டுத் தேடினால் கிடைக்கவே கிடைக்காது. 'சே', 'ஆஷ்' என்ற இரண்டு எழுத்தில் ஆரம்பிக்க வேண்டும். ஜீவரத்தினம் பட்டியலில் கடைசியில், 'ஸெட்' எழுத்தில் இருக்கிறார். உங்கள் வீட்டு 'எதாசிவில்' காகிதத்தில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே தட்டச்சு செய்யுங்கள். இங்கிலீஷ் முறையில் மாற்றாதீர்கள். ஊர் பெயரும் அப்படித்தான். 'பிரெஞ்சிந்தியா' என்று நாம் சொல்வதை அரசாங்கக் காகிதங்கள் 'இந்தியாவிலுள்ள பிரெஞ்சுக் குடியேற்றங்கள்' என்ற நீளப் பெயரில்தான் சொல்லும். அதை பிரெஞ்சில் போட்டுத் தேடினால்தான் கதவு திறக்கும்.

இரண்டாவது வழி காலம். பாரிசின் தேசிய நூலகம் 'கலிக்கா' என்ற பெயரில் இணைய நூலகம் வைத்திருக்கிறது. 1940 வரையிலான விவாதங்களை அதில் பக்கம் பக்கமாகப் படமாகவே பார்க்கலாம். எழுத்தைத் தேடும் வசதியும் உண்டு, ஆனால் பழைய அச்சை இயந்திரம் தவறாகப் படித்துவிடும். ஒரு சொல் கிடைக்கவில்லை என்றால் அது அங்கே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஆண்டுதோறும் போடப்படும் பொருளடக்க அட்டவணையைப் பாருங்கள். உறுப்பினர் பெயர் வரிசையில் ஒன்று, விஷய வரிசையில் ஒன்று இருக்கும். அலுவலகத்தில் இன்டெக்ஸ் ரிஜிஸ்டர் பார்க்கத் தெரிந்தவனுக்கு இது ஐந்து நிமிட வேலை. போருக்குப் பிந்திய நான்காம் குடியரசு, 1958-க்குப் பிந்திய ஐந்தாம் குடியரசு, இவற்றின் விவாதங்களை தேசிய சபையே தன் ஆவணத் தளங்களில் வைத்திருக்கிறது.

உள்ளூரில் பார்க்க வேண்டியவையும் உண்டு. 1827-இல் தொடங்கிய நம் பொது நூலகம், இன்றைய ரோமன் ரோலண்ட் நூலகம். 1955-இல் திறந்த பிரெஞ்சு நிறுவனத்தின் நூலகம். தேசிய ஆவணக் காப்பகத்தின் புதுச்சேரி மையம். குடியேற்ற நாடுகளின் ஆவணங்களைத் திரட்டி வைத்திருக்கும் பெரிய காப்பகம் பிரான்சில் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரத்தில் இருக்கிறது. அங்கே உறவினர் யாராவது இருந்தால் நமக்கு ஒரு கை. பின்னணிக்குப் புத்தகம் வேண்டும் என்றால் பேராசிரியர் ழாக் வெபேர் எழுதியவற்றிலிருந்து தொடங்குங்கள்.

சரி, என் விஷயத்துக்கு வருகிறேன்.

தேதி வரிசையை ஒரு தாளில் எழுதினேன். 1954 அக்டோபர் 18, கீழூர். 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள், எட்டுப் பேர் எதிர்த்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. 1956 மே 28, டில்லியில் நேருவும் பிரெஞ்சுத் தூதர் ஒஸ்த்ரோரோகும் ஒப்படைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதற்குப் பிறகு ஆறு வருடம் பாரிஸ் நாடாளுமன்றம் அதை ஒப்புக்கொள்ளாமல் கிடந்தது. அல்ஜீரியப் போர் நடந்துகொண்டிருந்த காலம். ஒரு நிலத்தை விட்டுக்கொடுக்கும் காகிதத்தை அப்போது சபையில் வைப்பது எளிதல்ல. 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை பெற்றது. அதே மாதத்தில் நம் ஒப்பந்தமும் சபையில் தேறியது. 1962 ஜூலை 28 தேதியிட்ட சட்டம் அதற்கு அனுமதி கொடுத்தது. ஆகஸ்ட் 16 அன்று இரு நாடுகளும் ஒப்புதல் பத்திரங்களை மாற்றிக்கொண்டன. கீழூரில் ஆண்டுதோறும் கொடி ஏற்றுகிறோமே, அந்த நாள்.

அப்பா சாகும்வரை ஒன்று சொல்வார்: "அங்கே நம்ம பேச்சை எடுத்துப் பேச ஒரு ஆள் இல்லாம முடிச்சிட்டாங்க." அது உண்மைதான். 1954-க்குப் பிறகு இங்கே பிரெஞ்சுத் தேர்தல் நடக்கவில்லை. 1951-இல் தேர்வான குபேர்தான் கடைசி. 1962 ஜூலையில் அந்தச் சபையில் நம் தொகுதிக்கு நாற்காலியே இல்லை. அப்பா சொன்னதில் பாதி சரி என்று எழுத்திலேயே கண்டபோது எனக்குக் கண் கலங்கியது.

மற்றப் பாதி எங்கே என்று தேடினேன். முதலில் விவாதங்களில்தான் துழாவினேன். கெடு விவாதத்தில் இருக்கும் என்று நினைத்தது என் அடுத்த தவறு. சபையில் பேசுகிறவர்கள் கொள்கை பேசுவார்கள். நாள் கணக்கு ஒப்பந்தத்தின் வாசகத்தில் இருக்கும். ஒப்பந்தத்தின் நகல் நம் வெளியுறவு அமைச்சகத்தின் இணையத் தளத்திலேயே ஆங்கிலத்தில் இருக்கிறது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன்.

நான்காவது பிரிவு: இங்கே பிறந்து இங்கேயே வசிக்கும் பிரெஞ்சுக் குடிகள் இந்தியக் குடிகள் ஆவார்கள். ஐந்தாவது பிரிவு: பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள், ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். திருமணமாகாத, பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அப்பாவின் அறிவிப்பே செல்லும். பிள்ளைகளின் பெயரை அதில் குறிப்பிட வேண்டும்.

ஆறு மாதம். ஆகஸ்ட் 16 முதல் எண்ணினால் 1963 பிப்ரவரி நடுவரை. தங்கை பிறந்தது செப்டம்பரில். அதன் பிறகு தீபாவளி வந்தது, கிறிஸ்துமஸ் வந்தது, பொங்கலும் வந்து போனது. குழந்தை குப்புறப் படுக்கும் வயது வந்த பிறகும் கெடு முடியவில்லை. அவள் பெயரையும் அந்தக் காகிதத்தில் ஒரு வரி சேர்த்திருக்கலாம், அவ்வளவுதான். பெரியப்பா டிசம்பரில் போட்ட கையெழுத்து எப்படிச் செல்லுபடியானது என்பதும் விளங்கியது.

அப்பாவுக்கு இது தெரியாமல் இருந்திருக்குமா என்று யோசித்தேன். அவர் கொம்யூன் அலுவலகத்தில் எழுத்தர். பிரெஞ்சில் காகிதம் எழுதுவதுதான் அவர் தொழில். ஒப்பந்தம் கையெழுத்தாகி ஆறு வருடம் ஆகியிருந்தது. தெரு முழுக்கப் பேச்சு அதுதான். அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் நாளைத் தவறவிடவில்லை. கையெழுத்துப் போடாமல் இருந்தார்.

ஏன்? அதற்கு எந்த அரசிதழிலும் பதில் கிடையாது. பெரியப்பா இந்தோசீனாவில் சண்டை போட்டு வந்த சொல்தா. அண்ணன் சொல்லைத் தம்பி மீறுகிற வீடு அல்ல எங்கள் வீடு. "நான் வரல அண்ணே" என்று முகத்துக்கு நேரே சொல்வதைவிட, "நாள் தாண்டிப்போச்சு" என்று சொல்வது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கலாம். இது என் ஊகம். ஒன்று மட்டும் கண்ணால் கண்டது. 1964-இல் இங்கே சட்டசபைத் தேர்தல் வந்தபோது, அப்பா காலையிலேயே குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, வரிசையில் முதல் ஆளாக நின்று ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார். அன்று முழுக்க விரலில் இருந்த மையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் கையெழுத்துப் போட்டிருந்தால் அப்போது 13 வயதுப் பையனாக இருந்த நானும் பிரெஞ்சுக்காரன். நான் எழுதிய பைல்களும் இல்லை, வாங்குகிற பென்ஷனும் இல்லை. அதை நினைத்து ஒரு காலத்தில் மனம் புழுங்கியதுண்டு. இப்போது இல்லை. ஆனால் அவர் சொன்ன சின்னப் பொய்க்கு விலை கொடுத்தது அவர் அல்ல, என் தங்கை. அப்பா அவளைக் குற்றம் சொல்ல நினைத்திருக்க மாட்டார். ஆயா அப்படிச் சொன்னபோது தடுக்கவும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போனேன். ஐந்தாவது பிரிவைத் தமிழில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். படித்தாள். விரல் விட்டு மாதத்தை எண்ணினாள். இன்னொரு முறை எண்ணினாள். "ஆயா உயிரோட இருந்தா காட்டலாம்" என்றாள். பிறகு எழுந்து போய்க் காபி போட்டாள். காபியைக் கொடுத்துவிட்டு, "அந்தத் தாளை இங்கேயே வெச்சிட்டுப் போங்கண்ணா" என்றாள்.

பெரியப்பா மகனுக்கும் போன் செய்து சொன்னேன். பேத்தியின் கட்டுரையில் "சித்தப்பா தாமதமாகிவிட்டார்" என்று எழுதியிருந்ததை மாற்றி, "அவர் இங்கேயே இருக்க முடிவு செய்தார்" என்று எழுதச் சொல்லிவிட்டாராம்.

இதே விஷயத்தை இந்தியப் பக்கத்திலிருந்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் நாடாளுமன்றத்தின் மின்னணு நூலகத்தில் லோக்சபா விவாதங்கள் முதல் சபை தொடங்கியே இருக்கின்றன. புதுச்சேரியை யூனியன் பிரதேசமாகச் சேர்த்த அரசியல் சட்டத்தின் பதினான்காவது திருத்தத்தை 1962-ஆம் ஆண்டில் தேடுங்கள். நம் சட்டசபைக்கு வழி செய்த யூனியன் பிரதேச அரசுச் சட்டத்தை 1963-இல் தேடுங்கள். தேதி கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் பிரெஞ்சுக் காகிதம் ஏதாவது இருந்தால், முதலில் அதிலுள்ள தேதியையும் பெயரின் எழுத்துக்கூட்டலையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தாள் பொடியாவதற்கு முன் போன் காமிராவில் ஒரு படமும் எடுத்துவிடுங்கள். பிரெஞ்சு படிக்க ஆள் இல்லை என்றால் கொண்டுவாருங்கள். காலை பத்து மணிக்குமேல் நான் வீட்டில்தான் இருக்கிறேன்.